பரண் மேலே கிடக்கும் வயர் கூடை



நம்ம ஜலகண்டாபுரம் பக்கம் தறிச்சத்தம் கேட்காத தெரு குறைவு. விடிஞ்சா சமையல், அப்புறம் தறி, தார் சுற்றுவது, காட்டு வேலை, மாடு, குழுக் கூட்டம். இதுக்கு நடுவுல, சின்ன வயசுல வயர் கூடை பின்னுவேன் என்று சொல்லும் உறுப்பினர்கள் நிறையப் பேர் இருக்காங்க. இப்போ பின்னுறீங்களா என்று கேட்டால் சிரிப்புதான் பதில்.

கல்யாணம், குழந்தை என்று கைவேலை நின்று போனது ஒரு பக்கம். கடைக்குக் கடை கேரி பேக் சும்மா கொடுத்ததில் கூடையே தேவைப்படாமல் போனது இன்னொரு பக்கம். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு அந்தப் பைகளுக்குத் தடை போட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் வந்தது. வயர் கூடைக்கும் மறுபடி மவுசு வந்திருக்கு. வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பீங்க. வாஸ்தவம்தான். ஆனா ஒரு கூடை பல வருஷம் உழைக்குது, கழுவிக் கழுவி வெச்சுக்கலாம்.

பல வருஷம் விட்டுப் போச்சே, வருமா என்ற பயம் வேண்டாம். முதல் நாலு முடிச்சு தடுமாறும். அப்புறம் விரலே வழி சொல்லும். மறந்து போவது முடிச்சு இல்லீங்க, மூலை. அடிப்பாகம் முடிஞ்சு சுற்று வயரைச் சேர்த்து, சுவர் எழுப்பத் திருப்புகிற இடம் அது. அங்கே இழுப்பு ஒரே மாதிரி இல்லாவிட்டால் கூடை ஒரு பக்கம் சாயும். அதனால எடுத்த உடனே சிவன் கண், நெல்லிக்காய் என்று போகாமல், சாதா முடிச்சில் ஒரு செல்போன் பை பின்னிப் பாருங்க. நாலு மூலையும் அதிலேயே பழகிடும். தப்பாப் போனா அவிழ்த்துடலாம், வயர் வீணாகாது.

நேரம்தான் பெரிய பிரச்சினை. தினம் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் நடக்காது. கையில் எடுக்கிற தூரத்தில், ஆணியில் மாட்டி வையுங்க. குக்கர் விசில் அடிக்கிற வரைக்கும் ரெண்டு வரிசை ஓடும். பகலெல்லாம் தார் சுற்றிக் கட்டைவிரல் வலிக்கிற அன்னைக்கு மட்டும் தொடாதீங்க.

குழு என்றாலே எதையும் தொழிலாக்கணும், கடன் வாங்கணும் என்று நாமளே பேசிப் பழகிட்டோம். இதுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. முதல் கூடை உங்களுக்காக இருக்கட்டும். யாராவது விலைக்குக் கேட்டால் வயர் காசை மட்டும் வாங்கிட்டு வராதீங்க. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீங்களோ அதுக்கும் கூலி போடுங்க. சொந்தக்காரங்க கேட்டாலும் வயரையாவது அவங்களே வாங்கித் தரட்டும்.

பரணில் பாதியில் நிற்கிற கூடை இருந்தா இறக்கி, வயரை வளைச்சுப் பாருங்க. ஒடிஞ்சா புது வயர்தான் வாங்கணும். ஒடியலைன்னா தூசியைத் துடைச்சுட்டு, நிறுத்தின இடத்திலிருந்தே பின்னலாம்.