ஓய்வும் ஆய்வும்

ஓய்வு என்னும் சொல்லை இன்று வேலையின்மை என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றோம். தொல்காப்பிய உரியியலோ ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கு சொற்களை ஒருங்கே வைத்து, அவை உள்ள ஒன்று மேலும் நுணுகுதலைக் குறிப்பன என்கின்றது. ஓய்வும் ஆய்வும் ஒரு குடும்பத்துச் சொற்களாக எண்ணப்பட்டமை நம் சிந்தனைக்குரியது. கிரேக்க மொழியில் ஓய்வைக் குறித்த 'ஸ்கோலே' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கூல்' ஆயிற்று. ஓய்வு அறிவை நுண்மைப்படுத்தும் பொழுது என்பதே இவற்றால் நாம் பெறும் கருத்தாகும்.

வார விடுமுறை தானே வந்த பேறன்று. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே 1884ஆம் ஆண்டிலேயே இக்கோரிக்கையை எழுப்பினார். 1890இல்தான் ஆலை உரிமையாளர்கள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார வேலையை 48 மணி நேரத்திற்குள் வரையறுத்து, வாரம் ஒரு நாள் விடுமுறையையும் உறுதி செய்தது. போராடிப் பெற்ற பொழுதை எவ்வாறு செலவிடுவது? நூல், தோட்டம், திரைப்படம் என்னும் மூன்றையும் எண்ணிப் பார்ப்போம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூலைத் தேடும் நேரத்தை நூலகம் குறைத்துத் தருகின்றது. அவ்வாறு மிஞ்சிய நேரத்தை நூலுக்குள் செலவிடுதல் வாசகர் கடன். தேர்வுக்காகப் படிக்கும்போது விடையை நோக்கி விரைகின்றோம். விடுமுறையில் படிக்கும்போதோ ஒரு சொல்லின்முன் நின்று, திரும்பிச் சென்று, மீண்டும் படிக்கின்றோம். இலக்கியம் தன்னைத் திறந்து காட்டுவது இத்தகைய வாசகர்க்கே.

தோட்டம் காத்திருத்தலைக் கற்பிக்கின்றது. மல்லிகைச் செடியை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்வர். பார்ப்பவர்க்குச் செடியை அழித்ததுபோல் தோன்றும். ஆயின் புதுத் தளிர்கள் விட்டு, மார்ச்சு முதல் அச்செடியே பூத்துக் குலுங்கும். குறைத்தலால் செழிக்கும் இக்காட்சி, உரியியல் கூறும் நுணுக்கத்திற்கு ஓர் உரை எனலாம்.

திரைப்படம் காண்பதும் பயிற்சியே. சத்யஜித் ராய் விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிக்கொண்டே, 1952இல் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பை விடுமுறை நாள்களில் தொடங்கினார். வெண்ணிறப் பூக்கள் நிறைந்த நாணல் வெளியில் ஒரு நாள் படமெடுத்துவிட்டு, மறுவாரம் சென்றபோது பூக்களைக் கால்நடைகள் மேய்ந்துவிட்டிருந்தன. எஞ்சிய காட்சிக்காக அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தார். 1955இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற அப்படம், ஓய்வு நாள்களின் விளைச்சல். அதனை அரைக்கண்ணால் பார்த்துவிட்டு எழுவோர், படைத்தவரின் பொறுமைக்கு ஈடாக ஏதும் தரவில்லை.

இங்கு ஒரு வினா எழுகின்றது. சட்டம் ஆலைத் தொழிலாளர்க்கு விடுமுறை தந்தது. இல்லத்தில் உழைக்கும் பெண்டிர்க்கு எச்சட்டம் தந்தது? ஞாயிற்றுக்கிழமை மற்றவர்க்கு ஓய்வு நாள். தாய்க்கோ அடுப்படி வேலை இரட்டிக்கும் நாள். விருந்தும் பலகாரமும் துணி துவைத்தலும் அன்றைக்கென்றே காத்திருக்கும். நாம் நாவலைக் கையிலெடுத்துச் சாய்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம், அவர் பொழுதிலிருந்து எடுக்கப்பட்டது.

ஆதலின் மாணவ நண்பர்களே, வார இறுதியைத் திட்டமிடும்போது காய் நறுக்குதலையும் பாத்திரம் துலக்குதலையும் உங்கள் பங்காக முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு நூலை எடுங்கள். இன்னொரு நூலை அன்னையின் கையிலும் கொடுங்கள். படிக்க அவருக்கும் அன்று நேரமிருக்கும்.