நீர்க்கட்டி நோய்: மனநலமும் மருத்துவ உரிமையே

திருமணமாகிக் குழந்தை தங்கவில்லை என்னும்போதுதான் சினைப்பை நீர்க்கட்டி நோய் நம் குடும்பங்களில் பேசுபொருளாகிறது. அதுவரை மாதவிலக்கு தவறுவதும், முகத்தில் முடி வளர்வதும், உடல் பருப்பதும் அப்பெண்ணின் குறைகளாகவே கருதப்படுகின்றன.

குழந்தைபெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகவும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை அதை அறியாதிருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பெயர் எவ்வாறிருப்பினும் இது கட்டி அன்று. ஆண்ட்ரோஜன் மிகுவதாலும் இன்சுலின் சரிவரச் செயல்படாததாலும் கருமுட்டைகள் முழுமையாக முதிர்வதில்லை. முதிராத நுண்பைகளே ஸ்கேனில் நீர்க்கட்டிகளாகத் தெரிகின்றன.

இந்நோயுள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் பிற பெண்களைவிட மிகுதி. இவர்களது வாழ்க்கைத் தரத்தை அளக்க 1998இல் வெளியான வினாநிரல், மனவுணர்வு, உடல்முடி, எடை, கருவுறாமை, மாதவிலக்கு என ஐந்து கூறுகளை ஆராய்கிறது. ஐந்தில் ஒன்றான கருவுறாமையை மட்டுமே நம் சமூகம் காண்கிறது.

தலித் பெண்களுக்கு இச்சுமை இரட்டிப்பாகிறது. இன்சுலின் சரிவரச் செயல்படாததால் கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிக்கும். அதனை அழுக்கென்று ஏளனம் செய்வோர் பலர். ஒரு சமூகத்தின் உடலையே தீட்டென்று ஒதுக்கிய மண்ணில், அச்சொல் வெறும் கேலியாக நின்றுவிடுவதில்லை.

பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியான அரூரை எடுத்துக்கொள்வோம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவு. கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு ஒருமுறை சென்றுவருவது ஒருநாள் ஊதிய இழப்பு. ஆனால் ஒழுங்கற்ற மாதவிலக்கும் ஆண்ட்ரோஜன் மிகுதிக்கான தெளிவான அறிகுறிகளும் இருப்பின், தைராய்டு போன்ற பிற காரணங்களை இரத்தப் பரிசோதனையால் விலக்கியபின், ஸ்கேன் இன்றியே இந்நோயை உறுதிசெய்யலாம். 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல் இதனை ஏற்கிறது; நோயுள்ள அனைவரிடமும் மனச்சோர்வு, பதற்றம் குறித்துக் கேட்டறிய வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

இதற்கான கட்டமைப்பு நம்மிடம் இல்லாமல் இல்லை. 2021இல் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடி வந்து பார்க்கிறது. வாசல்வரை வரும் அப்பணியாளர், மாதவிலக்கு ஒழுங்காக உள்ளதா, மனம் தொடர்ந்து சோர்ந்திருக்கிறதா என்று மேலும் இரு கேள்விகள் கேட்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமையைச் சாதி, பாலினப் பாகுபாடின்றி ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இலவச ஆலோசனையும் உண்டு.

அரூரின் சேரிகளில் மருத்துவ முகாம் நடத்தும் இயக்கங்களும் மாணவர்களும் இவ்விரு கேள்விகளைத் தம் படிவத்தில் சேர்த்துத் தொடங்கலாம். அரசிடம் கேட்கவேண்டியது சலுகையை அன்று, சட்டம் ஏற்கெனவே அளித்துள்ள உரிமையை.