பதினொரு பேர் யார் யார்?



பக்கத்து ஊர் டீமோடு கால்பந்து மேட்ச் என்று சொன்னால் போதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்ப மரத்தடியில் ஒரே சத்தம்தான். "அவனை பேக்ல போடுங்கலே!" "இவன் எதுக்குடே? பத்து நிமிஷத்துல மூச்சு வாங்குவான்." "கோல் கீப்பரை மட்டும் மாத்திராதீங்க!" விளையாடப் போவது 11 பேர். டீம் எடுப்பது மட்டும் நூறு பேர்!

இது நம்ம மேலநீலிதநல்லூரில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. கல்கத்தாவில் நூறு வருஷத்துக்கு மேலாக இதே சத்தம்தான். அங்கே ஒரே ஒருத்தர் பெயரை டீமில் சேர்க்காமல் விட்டதால் ஒரு புது கிளப்பே பிறந்துவிட்டது! அதைப் படித்ததும் உங்களுக்கும் சொல்லணும் என்று தோன்றியது.

டெர்பி என்றால் என்ன?

ஒரே ஊரிலோ பக்கத்துப் பக்கத்து ஊரிலோ இருக்கிற இரண்டு டீம்கள் மோதும் மேட்சுக்கு டெர்பி என்று பெயர். இங்கிலாந்தில் லிவர்பூலும் எவர்ட்டனும் மோதுவது ஒரு டெர்பி. இந்தியாவில் டெர்பி என்றாலே கல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும்தான். நம்ம பக்கத்தில் 2014-ல் தொடங்கிய சென்னையின் எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதும்போது அதைத் தென்னிந்திய டெர்பி என்று ரசிகர்கள் சொல்கிறார்கள்.

விடுபட்ட ஒரு பெயர்

மோகன் பகான் 1889-ல் தொடங்கிய பழைய கிளப். 1911-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யார்க்ஷயர் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து டீமை 2-1 என்று ஜெயித்தது. நம்ம ஆட்கள் 11 பேரில் பூட்ஸ் போட்டவர் ஒருத்தர்தான். மற்ற 10 பேரும் வெறுங்கால்!

அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 1920 ஜூலை 28-ல், கூச் பிஹார் கோப்பைப் போட்டி. மோகன் பகானை எதிர்த்து ஆடியது ஜோராபகான் கிளப். அதில் சைலேஷ் போஸ் என்ற நல்ல ஆட்டக்காரர் இருந்தார். ஆனால் அன்றைக்குப் பட்டியலில் அவர் பெயர் இல்லை! கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி, அவரைச் சேர்க்கச் சொல்லி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. சைலேஷ் போஸ் கிழக்கு வங்காளத்துக்காரர், அதனால்தான் ஒதுக்கினார்கள் என்று அந்தப் பக்கத்து மக்கள் நம்பினார்கள்.

சௌத்ரி கிளப்பை விட்டே வெளியேறினார். அவரும் சில நண்பர்களும் சேர்ந்து 1920 ஆகஸ்ட் 1-ல் புது கிளப் தொடங்கினார்கள். அதுதான் ஈஸ்ட் பெங்கால். நாலே நாள்! 1925 மே 28-ல் கல்கத்தா லீகில் முதல்முறையாக மோகன் பகானோடு மோதி 1-0 என்று ஜெயித்தும் விட்டது.

1947-ல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்தில் இருந்து லட்சக்கணக்கான பேர் வீடு வாசலை விட்டுக் கல்கத்தா வந்தார்கள். அவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால் வெறும் டீம் இல்லை, சொந்த ஊர் மாதிரி. இன்னொரு வேடிக்கை பாருங்க. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ரசிகர்கள் வீட்டில் இலிஷ் மீன் குழம்பு. மோகன் பகான் ஜெயித்தால் இறால். முகூர்த்த நாளில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறுகிற மாதிரி, டெர்பி நாளில் அங்கே மீன் விலை ஏறும்!

டீம் எடுப்பது எப்படி?

1. இடம் பார்க்கணும். பதினொரு பேரும் கோல் போடுகிறவர்களாக இருந்தால் டீம் ஆகாது. ஒரு கோல் கீப்பர், அவருக்கு முன்னால் நாலு பேக், நடுவில் நாலு பேர், முன்னால் இரண்டு பேர். இதைத்தான் 4-4-2 என்கிறார்கள். இடது காலால் நன்றாக அடிக்கிற ஒருத்தர் இருந்தால் விடக்கூடாது.

2. உடம்பு பார்க்கணும். போன வருஷம் அவன் எத்தனை கோல் போட்டான் என்பது முக்கியம் இல்லை. இந்த வாரம் எப்படி ஓடுகிறான் என்பதுதான் கணக்கு.

3. எதிராளியைப் பார்க்கணும். அவர்களிடம் உயரமான பார்வர்டு இருந்தால், தலையால் முட்டத் தெரிந்த பேக் நமக்கு வேண்டும்.

4. மனசு பார்க்கணும். டெர்பியில் கூட்டம் கத்தும். அந்தச் சத்தத்தில் பதறாதவன்தான் வேண்டும்.

5. வெளியே உட்கார்கிறவர்களையும் யோசித்து எடுக்கணும். இப்போது பெரிய போட்டிகளில் ஐந்து பேர் வரை மாற்றலாம். 70-வது நிமிஷத்தில் எல்லாரும் களைத்தபோது புதுக் கால்களோடு இறங்குகிறவன் மேட்சையே மாற்றிவிடுவான்.

ரசிகர்கள் இதில் முதல் விஷயத்தையும் மூன்றாவது விஷயத்தையும் நன்றாகவே பேசுவார்கள். இரண்டாவதும் நாலாவதும் தினமும் பயிற்சியைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். கோச்சும் ரசிகர்களும் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வைரமும் ஆம்லெட்டும்

1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் மைதானம். பார்க்க வந்தவர்கள் 1,31,000 பேருக்கு மேல். நம்ம ஆடித்தபசுக் கூட்டத்தைக் கண் முன்னால் கொண்டு வாங்க, ஓரளவு புரியும்.

மோகன் பகான் கோச் அமல் தத்தா, வைரம் என்ற புது அமைப்பில் ஆட்களை நிறுத்தினார். கால் இறுதியில் சர்ச்சில் பிரதர்ஸை 6-0 என்று நொறுக்கியிருந்தார்கள். அந்த உற்சாகத்தில் அவர் எதிர் டீம் ஆட்டக்காரர்களைக் கேலி செய்தார். ஒமோலோவை ஆம்லெட் என்றார்! ஈஸ்ட் பெங்கால் கோச் பி.கே. பானர்ஜி அந்தக் கேலியையே தன் ஆட்களுக்கு ரோஷம் ஏற்றும் மருந்தாக்கினார். சிக்கிமில் இருந்து வந்த 20 வயசு பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1. பேப்பரில் போட்ட வைரம் தரையில் உடைந்தது.

ஆனால் எல்லாரும் வேண்டாம் என்று நினைக்கிற தேர்வும் சில நேரம் ஜெயிக்கும். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம்ம பேக் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு ஆறு தையல். அவரை வெளியே உட்கார வைக்காமல், கோச் ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியிலும் கோல், தென் கொரியாவோடு நடந்த இறுதியிலும் கோல்! 2-1 என்று இந்தியாவுக்குத் தங்கம். குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. கல்லூரி நாளில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். ஆளைத் தெரிந்தவர் எடுத்த முடிவு அது.

சத்தம் எல்லை மீறினால்

ஒரு துயரத்தையும் சொல்லியாகணும். 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டனில் இதே டெர்பி. மைதானத்துக்குள் முரட்டு ஆட்டம், உடனே ரசிகர்களுக்குள் கைகலப்பு, அப்புறம் நெரிசல். 16 பேர் இறந்து போனார்கள். மேட்ச் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் அந்த அம்மாவுக்கு யார் ஜெயித்தால் என்ன? அவர்கள் நினைவாக அங்கே ஆகஸ்ட் 16-ல் ரத்த தானம் செய்கிறார்கள்.

நமக்கு என்ன?

எனக்குத் தோன்றுவது இதுதான். எந்த டீமிலும் யாராவது விடுபடத்தான் செய்வார்கள். 20 பேர் ஆசைப்பட்டால் 9 பேர் வெளியேதான் நிற்கணும். அது தப்பு இல்லை. ஆனால் ஏன் என்று சொல்லாமல் விடுவது தப்பு. "உன் ஓட்டம் இன்னும் தேறணும்டே" என்று சொன்னால் அவன் நாளைக்குக் காலையில் ஓட வருவான். ஒன்றுமே சொல்லாவிட்டால், "நான் அந்தத் தெரு, அதனாலதான் என்னை எடுக்கலை" என்று நினைப்பான். அப்புறம் மைதானத்துப் பக்கமே வரமாட்டான். நமக்கு ஒரு ஆட்டக்காரன் போனான், ஒரு சிநேகிதனும் போனான்.

சைலேஷ் போஸுக்காகப் பேச ஒரு சௌத்ரி இருந்தார். எல்லாருக்கும் அப்படி ஒருத்தர் கிடைப்பாரா?

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த மேட்சுக்குப் பட்டியலை போர்டில் ஒட்டுவதற்கு முன்னால், விடுபட்டவனிடம் கேப்டன் நேரில் போய் ஒரு வார்த்தை காரணம் சொல்லட்டும். காரணம் அவன் ஆட்டத்தைப் பற்றியதாக மட்டும் இருக்கட்டும். அவன் எந்தத் தெரு, யார் மகன் என்ற பேச்சு மைதானத்துக்கு வெளியிலும் வேண்டாம். நாமும் பட்டியல் ஒட்டும்வரை மரத்தடியில் வாய் வலிக்கப் பேசலாம். ஒட்டிய பிறகு அந்த 11 பேரும் நம்ம ஆளுங்க. கை வலிக்கத் தட்டலாம்!