சும்மா கிடைக்கிற பழத்தில் ஜாம் போட்டு விற்றால் லாபமா? சித்தியின் முந்திரிப்பழக் கணக்கு



லண்டனில் இருக்கும் நம்ம சேனல் நேயர் ஒருவர் ஒரு சின்ன வீடியோ அனுப்பியிருந்தார். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் செர்ரி பிளம் மரம். ஜூலை வந்தால் நடைபாதை முழுக்கப் பழம் உதிர்ந்து கிடக்குமாம், மிதித்துக்கொண்டு போவார்களே தவிர யாரும் எடுக்க மாட்டார்களாம். இவர் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து ஜாம் போட்டிருக்கிறார். நிறமே அள்ளுது. கடைசியில் ஒரு கேள்வி: "பழம் ஃப்ரீ சார். இதை பாட்டில்ல அடைச்சு வித்தா முழுக்க லாபம்தானே?"

வீடியோவைப் பார்த்ததும் எனக்கு மங்களூர் சித்தி ஞாபகம்தான் வந்தது. 2025 ஏப்ரலில் இதே கேள்வியைச் சித்தி கேட்டாங்க. ஒரு வித்தியாசம்தான். சித்தி கேட்கும்போது கையில் இருந்த ரெண்டு வளையலைக் கழற்றி மேஜை மேல வெச்சுட்டுக் கேட்டாங்க.

மங்களூர்னா கடற்கரையோரத்துக் கர்நாடக மங்களூர் இல்லைங்க. இது கடலூர் மாவட்டத்து மங்களூர், பீங்கான் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் பேர்போன விருத்தாசலத்துக்கு மேற்கே. (வேடிக்கை என்னன்னா, அந்த மங்களூரிலும் முந்திரி பெரிய தொழில்தான்.) சித்தி வாக்கப்பட்ட ஊர் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பக்கம். பிறந்த வீட்டுத் தோப்பு விருத்தாசலத்துக்குக் கிழக்கே, நெய்வேலி போகும் செம்மண் பக்கத்தில். அங்கே முந்திரி. சித்தியின் அண்ணன், அதாவது எங்க பெரிய மாமா, பார்த்துக்கொள்கிறார்.

முந்திரித் தோப்பைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் காசு கொடுத்து வாங்கும் பருப்பு, பழத்துக்குக் கீழே தொங்கும் கொட்டைக்குள் இருக்கிறது. மேலே இருக்கும் பழம், கொட்டையைப் போலப் பல மடங்கு எடை. வைட்டமின் சி ஆரஞ்சை விட அதிகம். ஆனால் உதிர்ந்த ஒரே நாளில் அழுகத் தொடங்கிவிடும், சாப்பிட்டால் துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். அதனால் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுவார்கள். கோவாவில் இதே பழத்தில் ஃபெனி காய்ச்சுகிறார்கள், 2009ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். நம்ம பக்கம் மாடு தின்கிறது.

"ஏண்டா, பழம் சும்மாதானே கெடக்குது? காசு குடுத்தா வாங்குறோம்? கூழ் எடுக்குற மெஷினு, பெரிய ஸ்டீல் அண்டா, மூடி போடுற மெஷினு, எல்லாம் சேத்து ஒண்ணரை லட்சம் சொல்றான். இந்த மூணு பவுன வெச்சா வந்துடும். என்ன சொல்ற?"

உடனே "வேண்டாம்"னு சொல்லத்தான் வாய் வந்தது. காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடிச்சப்போ அந்தத் தோப்பில் பாதி மரம் வேரோடு சாய்ஞ்சது. புதுக் கன்று வைத்துக் காய்க்கும் வரை மாமாவுக்குக் கைகொடுக்க சித்தி இதே வளையலை அடகு வைத்தாங்க. மீட்க ஆறு வருஷம் ஆச்சு. ஆனால் ஆடிட்டர் என்பவன் கணக்கு போடாமல் வேண்டாம்னு சொல்லக்கூடாது இல்லையா? "ஒரு தடவை என் கண் முன்னாடி செய்ங்க சித்தி, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கிறேன்" என்றேன்.

முதலில் ஜாம், அப்புறம் கணக்கு

அதிகாலையில் உதிர்ந்த, அடிபடாத பழம் 5 கிலோ. கொட்டையைத் திருகும்போது கவனம். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும், பழத்திலும் அது படக்கூடாது. கழுவிய பழத்தை உப்புத் தண்ணீரில் (லிட்டருக்கு 30 கிராம் உப்பு) மூன்று நாள் ஊற வைக்கணும், தினமும் தண்ணீரை மாத்தணும். துவர்ப்பு இறங்குவது இங்கேதான். இதில் அவசரப்பட்டு நாங்க ஒரு முழுச் சமையலையே இழந்தோம். ஒரு நாள் ஊறினால் போதும்னு சித்தி முடிவு பண்ணி முதல் தடவை செய்தது பார்க்க அருமையா இருந்தது. என் பையன் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுட்டு அரை மணி நேரம் தொண்டையைச் செருமிக்கிட்டே இருந்தான். அத்தனையும் குப்பைக்குழிக்குப் போச்சு.

மூன்று நாள் கழித்துப் பழத்தை நல்ல தண்ணீரில் அலசி, குக்கரில் வேக வைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்தால் 3 கிலோ கூழ் கிடைத்தது. அதற்கு 2.7 கிலோ சர்க்கரை, ஆறு எலுமிச்சையின் சாறு. அகலமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே இருக்கணும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஜாம் 105 டிகிரி தொட்டால் இறக்கலாம். அப்போ அதில் கரைந்திருக்கும் சர்க்கரைச் சத்து 65 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். ஜாம் என்று பேர் போட்டு விற்க உணவுப் பாதுகாப்பு விதி கேட்பதும் குறைந்தபட்சம் அந்த 65தான். தெர்மாமீட்டர் இல்லையா? குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்க, மேலே சுருக்கம் விழுந்தால் பதம். கொதிக்க வைத்து ஈரம் போகக் காயவிட்ட கண்ணாடி பாட்டிலில், சூடாக இருக்கும்போதே ஊற்றி மூடிவிடணும்.

"சர்க்கரையைப் பாதியாக் குறைக்கலாமா?" என்று கண்டிப்பா யாராவது கேட்பீங்க. குறைக்கலாம், ஆனால் அது வெளியே நிற்காது. ஃப்ரிட்ஜில் வைத்து சீக்கிரம் காலி பண்ணணும். கெட்டுப்போகாமல் காப்பதே அந்தச் சர்க்கரைதான்.

இந்த விஷயத்தில் லண்டன் நண்பர் கொடுத்து வைத்தவர். செர்ரி பிளமில் புளிப்பும் உண்டு, இறுகச் செய்யும் பெக்டினும் நிறைய உண்டு. ஊறப்போடும் வேலையே இல்லை, தானாக இறுகிவிடும். நமக்கு ஜாம் தளதளன்னு நின்றால் கொஞ்சம் கொய்யாக் கூழ் சேர்த்துக்கலாம். விற்பதாக இருந்தால் அதையும் லேபிளில் எழுதணும்.

இப்போ நோட்டுப் புத்தகம்

அன்றைக்குக் கிடைத்தது 250 கிராம் பாட்டில் 17. செலவை அப்படியே சொல்றேன். பழம் 0. தோப்பிலிருந்து மங்களூர் வர வண்டிச் செலவில் நம்ம பங்கு 100 ரூபாய். உப்பு 12. சர்க்கரை 122. கோடையில் எலுமிச்சை விலை தெரியுமே, 40. கேஸ் 35. மூடியோடு கண்ணாடி பாட்டில் ஒன்று 14 வீதம் 238. லேபிள் 51. மொத்தம் 598 ரூபாய்.

பார்த்தீங்களா? 598ல் பாட்டிலும் லேபிளும் மட்டும் 289. கிட்டத்தட்ட பாதி. சித்தி மனசில் இருந்தது பழ வியாபாரம். நோட்டில் இருந்தது பாட்டில் வியாபாரம். பீங்கான் ஜாடிக்குப் பக்கத்து ஊரில் பஞ்சமே இல்லை, ஊறுகாய்க்கு அது போதும். ஆனால் ஜாமுக்கு இறுக்கமான மூடி வேணும், வாங்குபவர் கண்ணுக்கு உள்ளே இருப்பது தெரியணும்.

அடுத்தது சித்தி எழுதவே விடாத வரி: கூலி. "என் கைக்கு நானே கூலி குடுக்குறதா?" என்று சிரித்தாங்க. ஆனால் அலசியது, தண்ணீர் மாத்தியது, மசித்தது, கிளறியது எல்லாம் சேர்த்து 7 மணி நேரம். அந்த நேரத்தில் பருத்தி எடுக்கப் போயிருந்தால் 8 மணி நேரத்துக்கு 400 ரூபாய் வந்திருக்கும், மணிக்கு 50. ஆக 350. சேர்த்தால் 948, பாட்டிலுக்கு 56 ரூபாய்.

விலை 100 ரூபாய் என்று வைத்தோம். கடையில் கொடுத்தால் கடைக்காரர் பங்கு 25, நம்ம கைக்கு 75. பதினேழில் ரெண்டு உடையும், இல்லைன்னா விற்காமல் திரும்பும். 15 பாட்டில், 1,125 ரூபாய். ஒரு சமையலுக்கு மிச்சம் 177. பழம் விழுவது ஏறக்குறைய எட்டு வாரம். வாரம் ரெண்டு தடவை செய்தால் 16 சமையல், 2,832 ரூபாய். சித்தியின் கூலி 5,600ஐயும் சேர்த்தால்கூட 8,432.

ஒண்ணரை லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் ஒரு வருஷ வட்டி மட்டும் 15,000.

"கடைக்கு ஏன் குடுக்கணும், நானே நேரா விக்கிறேன்" என்றாங்க. சரி, அதையும் போட்டேன். பாட்டிலுக்கு முழு 100 வந்தால், கூலியோடு சேர்த்து சீசனுக்கு 14,432. அப்பவும் வட்டிக்கே 568 ரூபாய் குறையுது!

மெஷின் வந்தால் அதிகம் செய்யலாமே? நியாயமான கேள்விதான். கூலி பாதியாகக் குறையும்னே வைத்துக்கொள்வோம், ஒரு சமையலுக்கு மிச்சம் 352. மூன்று வருஷத்தில் கடனை அடைக்க முதல் வருஷம் அசலில் 50,000, வட்டி 15,000, மொத்தம் 65,000 வேணும். அதற்கு 185 சமையல், மூவாயிரத்துச் சொச்சம் பாட்டில். அதுவும் கடையில் விற்றால் எவ்வளவு வருமோ அந்தக் கணக்கில், எட்டே வாரத்தில். மங்களூரில் மூவாயிரம் பாட்டில் ஜாம் யார் வாங்குவா? மீதி பத்து மாசம் மெஷின் சும்மா நிற்கும், வட்டி சும்மா நிற்காது.

இடையில் ஒருத்தர் மானியம் இருக்குன்னு சொல்லியிருக்கிறார். உண்மைதான். சின்ன உணவு பதப்படுத்தும் தொழில்களுக்காக 2020ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு. ஆனால் அது வங்கிக் கடனோடு இணைந்த மானியம், மீதியை நாம்தான் கட்டணும். இந்தக் கணக்கில் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் வாங்க ஆள் கூடப்போவதில்லை.

சட்டம் சம்பந்தமா ரெண்டே விஷயம்

விற்பது என்று முடிவானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வேணும். நாங்க எடுத்தபோது கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜிஎஸ்டி? தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. ஆனால் நம்ம மாவட்டத்துக்காரங்க விழும் குழி ஒன்று இருக்கு: புதுச்சேரி. பக்கத்துத் தெரு மாதிரி போய் வருவோம், ஆனால் வரிச் சட்டத்துக்கு அது வேறு பிரதேசம். அங்குள்ள கடைக்கு நீங்க பத்து பாட்டில் அனுப்பினாலும் மாநிலம் தாண்டிய விற்பனை, தொகை எவ்வளவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். (ஜாமுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அது ஒரு ஆறுதல்.) அப்புறம், தோப்பு வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதை ஜாமுக்கும் நீட்டிக்காதீங்க. கொட்டை விற்றால் விவசாயம், ஜாம் விற்றால் வியாபாரம்.

சித்தி என்ன செய்தாங்க?

வளையலைத் திரும்பக் கையில் மாட்டினாங்க. ஒரு நாள் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. மறுவாரம் போன் வந்தது. வீட்டில் இருக்கும் அண்டாவே போதும், பாட்டில் மட்டும் வாங்கித் தா என்று.

அந்த சீசனில் 10 சமையல். ரொக்கச் செலவு 5,980. தெரிந்தவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், பஸ் நிறுத்தத்து டீக்கடைக்கு வருபவர்கள் என்று நேரடியாக விற்றது 121 பாட்டில், 12,100 ரூபாய். மீதி பாட்டில் உறவுக்காரர்கள் வீட்டுக்கும் எங்க ஃப்ரிட்ஜுக்கும் போனது. கையில் நின்றது 6,120. அடுப்படியில் செலவான நேரம் 70 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 87 ரூபாய்.

"பருத்தி எடுத்தா அம்பது, இதுக்கு எம்பத்தேழா?" என்று ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாங்க. விற்பதற்காக அலைந்த நேரத்தையும் சேர்த்தால் குறையும் சித்தி, அதையும் எழுதட்டுமா என்றேன்.

"அத எழுதாத. அது நான் நாலு பேருகிட்ட பேசிக்கிட்டு இருந்த நேரம்" என்றாங்க.