காரில் போவதா, இரயிலில் போவதா?

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் புது வாகனங்களைக் கோவில் முற்றத்திற்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்வது ஓசூர்ப் பகுதியில் இப்பொழுது வழக்கமாகிவிட்டது. முன்பு சைக்கிளும் மொபெட்டும் வந்து நின்ற இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. மகிழ்ச்சிக்குரியதே. உழைத்துச் சேர்த்த பணத்தில் வீட்டுக்கு ஒரு வண்டி வருவதை யார் குறை கூறுவர்?

சில மாதங்களுக்கு முன் அவ்வாறு ஒரு குடும்பம் வந்தது. கணவர் சிப்காட் பகுதியில் சிறு பட்டறை வைத்து, பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகங்கள் கடைந்து கொடுப்பவர். மாதம் இருமுறையேனும் கோயம்புத்தூர் சென்று வரவேண்டிய தொழில். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து முடித்தோம். அவர் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்க, மனைவி மட்டும் பின்தங்கி நின்றார்.

“சாமி, வண்டியை மந்திரிச்சீங்க, ஓட்டுறவருக்கும் நாலு வார்த்தை சொல்லுங்க. கோயம்புத்தூர் போனாருன்னா திரும்பி வர ராத்திரி ஒரு மணி ஆகுது. கேட் திறக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது. கேட்டா, ‘நம்ம வண்டி, நம்ம நேரம்’னு சொல்றார்.”

‘நம்ம வண்டி, நம்ம நேரம்.’ இந்த நான்கு சொற்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன. வண்டி அவருடையதுதான், ஐயமில்லை. ஆனால் அந்த நேரமும் அவருடையதுதானா?

எழுதாமல் விட்ட கணக்கு

அடுத்த வாரம் அவரைப் பங்குமனைக்கு வரச்சொன்னோம். தொழில் செய்பவர் கணக்குக்குக் கட்டுப்படுவார் அன்றோ? ஒரு தாளைக் கொடுத்து, கோயம்புத்தூர்ப் பயணம் ஒன்றின் செலவை எழுதச் சொன்னோம். போக வர ஏறத்தாழ 640 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 40 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டாலும் நாலாயிரம் ரூபாய். அதன்மேல் கிருஷ்ணகிரி, தொப்பூர், வைகுந்தம், விஜயமங்கலம் என வழிநெடுகச் சுங்கச்சாவடிகள். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

“எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்?” என்று கேட்டோம். நான்கு மணிக்கு. “திரும்பி வந்து படுப்பது?” ஒன்றரை மணிக்கு. “ஆக, இருபத்தொரு மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். அதில் பன்னிரண்டு மணி நேரம் கை ஸ்டீயரிங்கில். இதை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்?” அவர் பேசவில்லை.

1997ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் ஒரு சோதனை நடத்தினர். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கண்ணும் கையும் எவ்வளவு தளர்கின்றன என்று அளந்தனர். இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருக்கு எவ்வளவு தளர்ச்சியோ, அவ்வளவு தளர்ச்சி இவர்களிடமும் காணப்பட்டது. நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுவோருக்கு வைத்துள்ள வரம்பு 0.03 விழுக்காடே. வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத நம் நண்பர், இரவு ஒன்பது மணிக்குமேல் குடித்தவர் நிலையிலேயே வண்டியை ஓட்டிவந்திருக்கிறார். ஊதச் சொல்லும் காவலரின் கருவி இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதனாலேயே நாமும் இதை ஒரு குற்றமாக எண்ணுவதில்லை.

நெடுஞ்சாலை கூறும் உண்மை

முன்பு ஏழாம் எண் என்று வழங்கிய நெடுஞ்சாலையே இன்று 44ஆம் எண் பெற்று, பெங்களூருவிலிருந்து ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்கிறது. அகலமான, வழவழப்பான சாலை. ஆனால் தொப்பூர் மலைச்சரிவை அறியாத ஓட்டுநர் இல்லை. சரக்கு லாரிகள் பிரேக் இழந்து முன்னால் செல்லும் வண்டிகளின்மீது மோதிய செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்!

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாள்தோறும் ஏறக்குறைய 49 பேர். நம்மைப் போன்ற பங்குத் தந்தையருக்கு இவை வெறும் எண்கள் அல்ல. நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் எழுந்து செல்பவர்கள் நாம். அரசு மருத்துவமனை வாயிலில், கணவனின் கைக்கடிகாரத்தைக் காவலரிடமிருந்து வாங்கிக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் என்ன பேசுவது என்று எந்தக் குருமடத்திலும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

“அப்படியானால் ஒரு டிரைவரை வைத்துக்கொள்கிறேன், சாமி” என்றார் நண்பர். நல்லதுதான். ஆனால் அந்த ஓட்டுநரும் நான்கு மணிக்கு எழவேண்டியவரே. முதலாளி அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் வெயிலில் வண்டிக்குள் முடங்கிக் கிடப்பார். இரவில் பின்னிருக்கையில் முதலாளி உறங்க, அவர் விழித்திருப்பார். அவர் வீட்டிலும் கதவு ஓசைக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். 1961இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பேருந்து, லாரித் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. அந்த நியாயம் நம் வீட்டு ஓட்டுநருக்கு மட்டும் பொருந்தாதோ?

இரயில் நமக்குப் புதிதன்று

இப்பகுதிக்கும் இரயிலுக்கும் உள்ள உறவு பழமையானது. பஞ்ச காலத்தில் உணவு தானியம் வந்துசேரவேண்டும் என்ற நோக்கத்தோடு, வெள்ளையர் ஆட்சியில் இங்கே குறுகிய பாதைகள் போடப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், இவ்விரு பாதைகளும் மூடப்பட்டன. ஓசூர் பின்னர்ச் சேலம்–பெங்களூர் மீட்டர் பாதையால் இரயிலை மீண்டும் பெற்றது. 1990களில் அப்பாதை அகலப்படுத்தப்பட்டது. கிருஷ்ணகிரியோ, 2004இல் தனி மாவட்டத்தின் தலைநகராக உயர்ந்த பின்னும், இழந்த இரயிலைத் திரும்பப் பெறவில்லை.

இன்று ஓசூர் நிலையம் வழியாகப் பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி, யஸ்வந்த்பூர்–கண்ணூர் விரைவு வண்டி, நாகர்கோவில் வண்டி, மைசூரு–தூத்துக்குடி வண்டி எனப் பல செல்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கோயம்புத்தூர்–பெங்களூரு வந்தே பாரத் வண்டியும் இவ்வழியே ஓடத் தொடங்கியது. சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை ஆகிய தொழில் நகரங்கள் அனைத்தும் இந்த ஒரே கோட்டில் இருப்பது நம் பகுதி தொழில் செய்வோருக்குக் கிட்டிய பேறு எனலாம்.

இரயில் ஏன் மலிவு என்பதற்கும் காரணம் உண்டு. எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் உருள்கையில் ஏற்படும் தடை, தார்ச்சாலையில் இரப்பர் டயர் உருளும்போது ஏற்படும் தடையைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே ஓர் ஆளைச் சுமந்து செல்ல இரயிலுக்குத் தேவைப்படும் ஆற்றல் மிகச் சிறிது. ஒரே ஒருவர் அமர்ந்து செல்லும் காரோ, அவரைவிடப் பன்மடங்கு எடையுள்ள தன்னுடலையும் இழுத்துச் செல்கிறது.

இரயிலிலும் ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2015 பிப்ரவரி 13 அன்று ஆனேக்கல் அருகே எர்ணாகுளம் இன்டர்சிட்டி தடம்புரண்டு பலர் உயிரிழந்தனர். 2021 நவம்பர் 12 விடியற்காலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே பாறைகள் சரிந்து விழ, கண்ணூர்–யஸ்வந்த்பூர் வண்டி தடம்புரண்டது. அதிலிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளில் ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. இத்தகைய விபத்துகள் நம் நினைவில் நிற்பதே அவை அரிதாக நிகழ்வதால்தான். சாலையில் நேற்று இறந்தவரை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறோம்?

நண்பர் செய்து பார்த்தது

அரை மனத்தோடு அவர் ஒருமுறை இரயிலில் சென்றார். காலையில் ஓசூரில் இன்டர்சிட்டி ஏறி, பிற்பகலில் கோவை சேர்ந்தார். வேலையை முடித்து, உண்டு, இரவில் கண்ணூரிலிருந்து வரும் வண்டியில் படுக்கை பெற்று, விடியும் வேளையில் ஓசூரில் இறங்கினார்.

திரும்பி வந்து அவர் முதலில் சொன்னவை குறைகளே. காலையிலேயே ஒருவரைச் சந்திக்கவேண்டும் என்றால் இந்த வண்டி உதவாது. நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு ஆட்டோ பிடிக்கவேண்டும். கனமான மாதிரிப் பொருள்களைத் தூக்கிச் செல்வது கடினம். இரவு வண்டிக்காக நடைமேடையில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. எல்லாம் உண்மையே.

பின்பு சற்றுத் தயங்கிக் கூறினார்: “சாமி, போகிற வழியிலேயே ஒரு மாதத்துக் கணக்கு வழக்கை முடித்துவிட்டேன். மகளின் பள்ளிக்கூடக் கட்டுரை ஒன்று பையில் கிடந்தது, அதையும் படித்தேன். அவள் இவ்வளவு எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது.”

காரில் இருந்தபோது அந்த ஆறு மணி நேரமும் சாலைக்குச் சொந்தம். இரயிலில் அது அவருக்குச் சொந்தமாயிற்று. இதைவிடத் தெளிவாக நாம் என்ன சொல்லிவிட முடியும்?

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

காரை விற்றுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. நோயாளியை அழைத்துச் செல்லவும், இரயில் தொடாத ஊர்களுக்குக் குடும்பத்தோடு போய்வரவும் அது வேண்டும். ஆனால் மாதந்தோறும் ஒரே ஊருக்கு, ஒரே வேலைக்காக, தனி ஒருவராகச் செல்லும் பயணத்தை மட்டுமாவது எடுத்துப் பாருங்கள். முன்கூட்டியே தெரிந்த பயணம் அது; இரயிலுக்கு ஏற்றதும் அதுவே. 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகவே இருக்கைகளைப் பதிவு செய்யலாம். மாதத் தொடக்கத்தில் நாள்காட்டியில் குறித்து, போகவும் வரவும் சேர்த்தே பதிந்துவிட்டால் காத்திருப்போர் பட்டியலின் கவலை பெரும்பாலும் நீங்கும். வண்டி நேரங்கள் மாறக்கூடியவை. புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்க. மாதிரிப் பொருள்களை முதல் நாளே பார்சல் சேவையில் அனுப்பிவிடலாம்.

பெங்களூருவுக்கு நாள்தோறும் செல்வோர்க்கு, 150 கிலோமீட்டர் வரையிலான தூரத்திற்குக் கிடைக்கும் மாதச் சீசன் டிக்கெட் உண்டு. ஈலளிகே, பெள்ளந்தூர் ரோடு, பையப்பனஹள்ளி ஆகிய இடங்களுக்கு அருகே பணிபுரிவோர்க்கு அது பயன்படும். இவ்வழியிலுள்ள கார்மேலாராம் என்னும் நிலையத்தின் பெயர், அங்குள்ள கார்மேல் சபைத் துறவியரின் மடத்தால் வந்தது என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ இரயிலும் வந்துவிட்டது. ஓசூரிலிருந்து அதுவரை பேருந்தில் சென்றாலே போதும், நகர நெரிசலில் ஓட்டும் வேதனை நீங்கும்.

கிருஷ்ணகிரி அன்பர்களுக்கு வழி சற்றுச் சுற்றுதான். எனினும் சென்னை செல்வோர் பேருந்தில் திருப்பத்தூர் அல்லது ஜோலார்பேட்டை சென்று இரயில் ஏறலாம். கோவைப் பக்கம் செல்வோர்க்குத் தருமபுரி உண்டு. ஒரு மணி நேரம் பேருந்தில் செல்வது, ஐந்து மணி நேரம் தனியே ஓட்டுவதற்கு ஈடாகாது.

பட்டறையும் நிறுவனமும் நடத்துவோர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் பணியாளரை வெளியூர் அனுப்பும்போது, ‘இரவே திரும்பிவிடு’ என்று கூறாதீர்கள். ஓர் இரவு தங்கும் அறைக்கோ, ஒரு படுக்கை டிக்கெட்டுக்கோ ஆகும் செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அது நட்டக் கணக்கில் சேராது.

சென்ற மாதம் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தோம். கார் வாசலில் நின்றது. முன்போல் அத்தனை அழுக்கும் புழுதியும் இல்லை. “இப்போ எப்படியம்மா?” என்று கேட்டோம்.

“இப்பவும் கேட் சத்தம் கேட்குது, சாமி. ஆனா விடிஞ்சப்புறம்தான் கேட்குது. அதுக்குள்ள நான் தூங்கி எழுந்து, காப்பிக்கு அடுப்புப் பத்தவெச்சிடறேன்” என்றார் அந்த அம்மா.