10 வீத வேகம், 33 வீத வெப்பம்

மேசைக் கணினியின் செயலி ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. தாய்ப்பலகை நொடிக்கு 10 கோடித் துடிப்புகளை, அதாவது 100 மெகாஹேர்ட்ஸை அனுப்ப, செயலி அதைத் தனக்குள் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கி 40 என்றால் 4 கிகாஹேர்ட்ஸ். 44 என்றால் 4.4. தயாரிப்பாளர் வைத்த எண்ணுக்கு மேல் இந்தப் பெருக்கியை உயர்த்துவதற்குப் பெயர்தான் ஓவர்குளொக்கிங். உயர்த்த ஒரு நிமிடம் போதும். உயர்த்திய கணினி பிழை விடாமல் பல வருடம் உழைக்குமா என்று அறிந்துகொள்ளத்தான் நாட்கள் பிடிக்கும்.

இப்படி ஏற்ற இடமிருப்பது எப்படி? ஒரே சிலிக்கன் வட்டில் வெட்டியெடுத்த சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரித்து, மோசமான சூழலிலும் தடுமாறாத வேகத்தையே பெட்டியில் அச்சிடுகிறார்கள். நல்ல சில்லு கிடைத்தவரிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 1998இல் வந்த இன்டெல் செலரோன் 300ஏ இதற்குப் பேர்போனது. 66 மெகாஹேர்ட்ஸ் தாளத்தை 100 ஆக மாற்றினால் போதும், 300 மெகாஹேர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது. அரைப் பங்கு வேகம் இலவசம். அந்தக் காலம் இனி வராது. 2008இன் பிற்பகுதியில் இன்டெல் தன் மேசைக் கணினிச் செயலிகளில் ‘டர்போ’ வசதியைக் கொண்டுவந்தது முதல், மிச்சமிருக்கும் வேகத்தைச் செயலியே தேடி எடுத்துக்கொள்கிறது. இன்று முதல்முறை முயல்பவர் ஐந்து வீதம், மிஞ்சினால் பத்து வீதம் எதிர்பார்க்கலாம். திரவ ஹீலியம் ஊற்றி 2022 டிசம்பரில் ஒரு கோர் ஐ9 13900கே செயலியை 9 கிகாஹேர்ட்ஸ் தாண்ட வைத்தது உண்மைதான். அது சில கணங்களுக்கான வித்தை, வீட்டுக்கு ஆகாது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுதான். செயலி உறிஞ்சும் வலு துடிப்பு வேகத்துக்கு (மீடிறனுக்கு) நேர்விகிதமாகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் கூடுகிறது. 1.20 வோல்ட்டில் 4 கிகாஹேர்ட்ஸ் ஓடி 90 வோட் எடுக்கும் ஒரு செயலியை வைத்துக்கொள்வோம். வேகத்தைப் பத்து வீதம் உயர்த்தி, அது தள்ளாடாமல் நிற்க மின்னழுத்தத்தையும் பத்து வீதம் கூட்டினால் 1.1ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 1.331. கிடைப்பது பத்து வீத வேகம்; கொடுப்பது 33 வீத வலு. 90 வோட் 120 ஆகிவிடும். அந்த 120 வோட்டும் விரல் நகம் அளவுள்ள சிலிக்கனிலிருந்து வெப்பமாக வெளியேறியாக வேண்டும்.

வெப்பம் எங்கே போகிறது என்று கேட்டால் பதில், அறைக்குள். இலங்கையின் மலைநாட்டுக் கண்டியில் இருப்பவர் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான். காற்றில் ஆறும் குளிரூட்டி அறை வெப்பநிலைக்குக் கீழே செயலியைக் கொண்டுபோகாது. அறைக்கு மேல் இத்தனை பாகை என்றே அதன் கணக்கு. வோட் ஒன்றுக்கு அரைப் பாகை ஏறும் சாதாரணக் குளிரூட்டியில் 90 வோட் என்றால் அறையைவிட 45 பாகை. 120 வோட் என்றால் 60 பாகை. டிசம்பர் இரவில் அறை 22 பாகை செல்சியஸில் இருக்கும்போது 120 வோட் செயலி 82இல் நிற்கும். அதே செயலி, அதே எண்கள், மார்ச் மாதப் பிற்பகலில் அறை 31ஐத் தொடும்போது 91. பெட்டிக்குள் தேங்கும் சூடு இன்னும் சில பாகையைச் சேர்க்கும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 பாகையும், இன்டெலின் அண்மைய செயலிகள் பலவற்றுக்கு 100 பாகையும் உச்சவரம்பு. அதை எட்டினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது பாடுபட்டு ஏற்றிய வேகம் பிற்பகல் இரண்டு மணிக்குக் காணாமல் போகும். டிசம்பரில் சோதித்து ‘நிலையானது’ என்று முடிவு கட்டியவர் ஏப்ரலில் ஏமாறுவதும் இப்படித்தான்.

மலைநாட்டுக்காரருக்கு இன்னொரு சந்தேகமும் வரும். உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையுமே, விசிறி வீசும் காற்றுக்கு வலு குறையாதா? குறையும். ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் ஐந்து வீதம் குறைவு. செயலியில் அது ஓரிரு பாகைக்கு மேல் தெரியாது. 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் குறைவு இன்னும் அதிகம். ஆனால் அங்கே அறையே கண்டியைவிட எட்டுப் பாகை அளவுக்குக் குளிர்ந்து கிடப்பதால் ஓவர்குளொக்கிங்குக்கு இலங்கையில் அதைவிட நல்ல ஊர் கிடையாது. பனிமூட்டத்தில் செயலி மேல் நீர்த்துளி படியும் என்ற பயமும் வேண்டாம். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பொருளில்தான் ஈரம் படியும். காற்றில் ஆறும் செயலி ஓடும்போது எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். உண்மையான எதிரி தூசி. யன்னல் திறந்தே கிடக்கும் வீடுகளில் குளிரூட்டியின் தகடுகளுக்கிடையே அது கம்பளிபோலப் படிந்துவிடும். வேகத்தைத் தொடும் முன் அதைத் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை வழித்தெடுத்து, புதுப் பசை பூச வேண்டும்.

எல்லாச் செயலியிலும் பெருக்கி திறந்திருப்பதில்லை. இன்டெலில் பெயரின் முடிவில் ‘கே’ எழுத்துள்ளவையே திறந்தவை, அவற்றுக்கு ‘இசட்’ வகைத் தாய்ப்பலகை வேண்டும். ஏஎம்டியின் மேசைக் கணினி ரைசன்களில் பெரும்பாலானவை திறந்தவை. ‘பி’ அல்லது ‘எக்ஸ்’ வகைப் பலகை வேண்டும், மலிவான ‘ஏ’ வகை இடம் தராது. பெட்டியோடு வரும் சின்ன விசிறியை நம்பி இதில் இறங்குவது வீண்வேலை.

அடுத்தது மின்சாரம். மின்வழங்கிப் பெட்டி தரமானதாக இருக்க வேண்டும். சுவரிலுள்ள மின்செருகித் துளையில் நிலத்தொடுப்பு உண்மையிலேயே இருக்க வேண்டும். இரண்டு முள் அடப்டர் செருகி நிலத்தொடுப்பைத் துண்டித்துவிட்டு செயலியின் நூறில் ஒரு வோல்ட்டைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பிற்பகல் இடிமழை மலைநாட்டில் வழக்கம். மின்சாரம் போக இடிமழைதான் வேண்டும் என்பதுமில்லை: 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருளில் மூழ்கியது. குரங்குக்குப் பஞ்சமில்லாத கண்டிக்கு அந்தச் செய்தி அவ்வளவு வியப்பாக இருந்திருக்காது. பெருக்கியை மாற்ற உதவும் பயோஸ் மென்பொருளைப் புதுப்பிக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மின்சாரம் போனால் தாய்ப்பலகை எழுந்திருக்காமலே போகலாம். ஆகவே யூபிஎஸ் இல்லாமல் பயோஸைப் புதுப்பிக்கக் கூடாது, இடி முழங்கும் நேரத்தில் யூபிஎஸ் இருந்தாலும் கூடாது.

இனி வேலை. ஒரு கொப்பியும் அறை வெப்பமானியும் பக்கத்தில் இருக்கட்டும். எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் போன்ற சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு நிரல் காட்டும் எண்களை எழுத வேண்டும்: பெருக்கி 40, 1.20 வோல்ட், அறை 24, செயலி 69. கணினியை மீண்டும் இயக்கி, டிலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயோஸுக்குள் போய், பெருக்கியை 41 ஆக்க வேண்டும். ஒரு படி மட்டும். மின்னழுத்தத்தை ‘ஆட்டோ’வில் விட்டால் சில தாய்ப்பலகைகள் தேவைக்கு மிஞ்சித் தாராளமாக ஊற்றும்; முதலில் குறித்துவைத்த 1.20ஐயே கையால் எழுதிவிடுவது நல்லது. நினைவகத்தின் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளும் ஒருவகை ஓவர்குளொக்கிங்தான். செயலி, நினைவகம் இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் தவறு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

மேலே சொன்ன செயலியில் 41க்குப் போனால் வெப்பம் ஒரு பாகைதான் ஏறும், 42க்கு இரண்டு. மின்னழுத்தத்தைத் தொடாதவரை விலை இவ்வளவு மலிவு. 43இல் சோதனை பாதியில் நின்று நீலத்திரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.225 வோல்ட்டுக்குக் கூட்டினால் 43 தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அந்த ஒரு படிக்கு மட்டும் இன்னும் மூன்று பாகை. முதல் முயற்சியில் இங்கே திரும்பிவிடுவதே சரி. 42இல் வைத்துக்கொண்டால் ஐந்து வீத வேகம் கையில் இருக்கிறது. கூட்டித்தான் பார்ப்பேன் என்பவர் ஒருமுறைக்கு 0.025 வோல்ட்டுக்கு மேல் போகாமல், சோதனையில் 85 பாகை தொட்டவுடன் நிறுத்த வேண்டும். எத்தனை வோல்ட் வரை பாதுகாப்பு என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. பழைய தலைமுறைச் செயலி தாங்கிய மின்னழுத்தம் நுண்ணிய புதிய சில்லைக் கொன்றுவிடும்.

கணினி எழுந்திருக்காவிட்டால் பதற வேண்டியதில்லை. பல தாய்ப்பலகைகள் இரண்டு மூன்று முறை எழுந்து விழுந்து பழைய எண்ணுக்குத் தாமாகவே திரும்பும். திரும்பாவிட்டால் மின்கம்பியைக் கழற்றி, பலகையிலுள்ள காசு வடிவ சிஆர்2032 மின்கலத்தைச் சில நிமிடம் வெளியே எடுத்துவைத்தால் எல்லாம் ஆரம்பத்துக்கு வந்துவிடும்.

நீலத்திரை வந்தால் தவறு தெரிந்துவிடும். எதுவும் காட்டாமல் தவறாகக் கணக்கிடும் செயலிதான் ஆபத்து. பிழை சேமித்த கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைப் பிடிக்க உதவுவது பிரைம்95. 1996இல் தொடங்கிய மெர்சேன் பகா எண் தேடலுக்கென எழுதிய நிரல் அது. விடை முன்பே தெரிந்த பெருங்கணக்குகளைச் செயலியிடம் திரும்பத் திரும்பக் கொடுத்து ஒப்பிடும். ஒரு விடை பிசகினாலும் அந்த வேகம் தோல்வி. சில மணிநேரம் ஓட்டிய பிறகு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் டபிள்யூஎச்இஏ என்ற வன்பொருட் பிழை விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளிர்ந்த மாதத்தில் செய்த சோதனையை மார்ச் பிற்பகலில் இன்னொரு முறை செய்ய வேண்டும். யன்னல் எப்போதும் இருக்கிறபடியே இருக்கட்டும்.

சோதனையெல்லாம் தேறிய செயலியும் தேய்கிறது. சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய உலோகக் கம்பிகளில் பாயும் மின்னோட்டம், மகாவலி மணலை அரித்துக்கொண்டு போவதுபோல, அணுக்களைச் சிறிது சிறிதாக நகர்த்திவிடுகிறது. மின்னோட்டச் செறிவும் வெப்பமும் கூடக்கூட ஆயுள் எப்படிச் சுருங்கும் என்பதற்கு ஜேம்ஸ் பிளாக் 1969இல் ஒரு சமன்பாடே தந்தார். தயாரிப்பாளர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் மேசைக் கணினிச் செயலிகள் சில, யாரும் வேகம் கூட்டாமலே நிலைகுலைந்தன. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தை ஒப்புக்கொண்ட இன்டெல், 2024 ஓகஸ்டில் திருத்தம் வெளியிட்டு வாறண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அதற்கு முந்தைய வருடம் ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் சில கருகியபின், அவற்றின் ஒரு பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் ஏஎம்டி கட்டிப்போட்டது.

மின்கட்டணம் பார்த்துச் செலவு செய்யும் வீட்டுக்கு எதிர்த்திசையே கூடுதல் லாபம். வேகத்தை அப்படியே விட்டு மின்னழுத்தத்தை மட்டும் படிப்படியாகக் குறைக்கலாம். ரைசன் 5000 முதல் ‘கேர்வ் ஒப்டிமைசர்’ என்ற அமைப்பு இதைச் செய்கிறது. வர்க்கக் கணக்கு இப்போது நம் பக்கம்: ஐந்து வீத மின்னழுத்தம் குறைந்தால் வலு கிட்டத்தட்ட பத்து வீதம் குறையும். சூடு குறைந்த செயலி டர்போவில் நீண்ட நேரம் நிற்பதால் சிலவேளை வேகமும் கூடும். சோதனை முறை அதேதான்.

தயாரிப்பாளர் விதித்த எல்லைக்கு வெளியே இயக்கியதால் வரும் சேதத்துக்கு இன்டெலோ ஏஎம்டியோ வாறண்டி தருவதில்லை. பிழைப்புக்கு ஒரே கணினியை வைத்திருப்பவர் அதில் கை வைக்கக் கூடாது. வாறண்டி முடிந்து மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றிருந்தால், அதன் தூசியைத் துடைத்து முதல் பாடத்தை அதிலே படிக்கலாம்.