உஷார்! எல்லாக் குளிரும் மலைக்குளிர் இல்லை

போனக்காடு லயத்தில் ஓர் அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்க மாட்டோம். அகத்தியர் மலைப் பனி அப்படி. ஆனால், அந்த அக்கா எப்போதோ தைராய்டு கட்டிக்கு ரேடியோ அயோடின் எடுத்தவர் என்றால் உடனே கேளுங்கள்: "தைராய்டு ரத்தப் பரிசோதனை, அதான் டிஎஸ்எச், கடைசியா எப்போ பாத்தீங்க?"

மருந்தைக் குறை சொல்லவில்லை. 1941-இல் அமெரிக்காவில் சால் ஹெர்ட்ஸ் தொடங்கிவைத்த வைத்தியம் இது. அடங்காமல் சுரக்கும் கட்டி, அயோடின்-131ஐத் தானே இழுத்துக்கொண்டு செத்துப்போகிறது. கதிர்வீச்சு 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகி, மூன்று மாதத்துக்குள் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. படபடப்பு நிற்கும், கைநடுக்கம் போகும். ஆஸ்பத்திரிச் சீட்டும் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது!

கட்டியைச் சுற்றியிருந்த நல்ல சுரப்பியும் அடி வாங்கியிருக்கும். சில மாதத்திலோ, 10 வருடம் கழித்தோகூட அது ஓய்ந்துபோகலாம். சோர்வு வந்தால் மலை ஏறி இறங்கிய அலுப்பு என்போம். குளிரெடுத்தால் பனி, மறதிக்கு வயசு. மலச்சிக்கல், முகவீக்கம், கரகரத்த குரல் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்போம். கவனிக்காமல் விட்டால் இதயத்துடிப்பு தளரும், கொழுப்பு ஏறும். முற்றிய நிலையில் கடுங்குளிரே ஆளை நினைவிழக்க வைத்துவிடும். உயிருக்கே ஆபத்து.

சுரப்பி ஓய்ந்துபோனதற்குத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனியுங்கள். விடிந்ததும் கட்டன் சாயாவோடு அதை விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சாயா குடியுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

அயோடின் எடுத்த பெண்கள் 6 மாதமாவது கருத்தரிக்கக் கூடாது. பிறகு கர்ப்பமானால் முதல் வாரங்களிலேயே டிஎஸ்எச் பார்க்க வேண்டும். சுரப்பு குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். புற்றுநோய் பயம்? அயோடின் அளவு கூடக்கூடப் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து லேசாகக் கூடுவதாக 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட, ரத்தப் பரிசோதனையை மறப்பதுதான் பெரிய ஆபத்து.

அயோடின் எடுத்த முதல் ஆறு மாதம் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆயுள் முழுக்க வருடம் ஒருமுறை அந்தப் பரிசோதனை வேண்டும். விதுராவுக்கு இறங்கும்போது ரத்தம் கொடுத்துவிட்டு வாங்க. அந்தப் பழைய சீட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு அயோடின் கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.